வாசிக்கும் வட்டத்திற்கு எந்தப் புத்தகம்?



நம் வெள்ளகோவிலில் மாதம் ஒரு புத்தகம் படித்து, கூடிப் பேசுவதென்று சில குடும்பங்கள் தீர்மானித்திருக்கின்றன. தறிவேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். ஆகையால் எதைப் படிப்பது என்ற கேள்வி சிறியதல்ல. முதல் கூட்டத்திலேயே அது தகராறாகிவிட்டது. ஜாபிதாவில் பாமா எழுதிய 'கருக்கு' இருந்தது. "கன்னியர் மடத்தைக் குறை சொல்லும் புத்தகத்தை நாமே படிப்பதா? நீங்களே சொல்லுங்க சாமி" என்று ஒரு பெரியவர் என்னிடம் வந்தார்.

முற்காலத்தில் இதற்கு விடை சுலபம். விலக்கப்பட்ட புத்தகங்களின் அட்டவணை 1559-ம் வருஷம் உரோமையில் வெளியாயிற்று. அதில் பேர் இருந்தால் தொடக்கூடாது. 1966-ல் அந்த அட்டவணைக்கு இனிச் சட்ட வலிமை இல்லையென்று திருச்சபை அறிவித்தது. எதையும் படிக்கலாம் என்று இதற்கு அர்த்தமல்ல. தீர்மானிக்கும் பாரம் நம் மனச்சாட்சியின்மேல் வந்திருக்கிறது என்றே அர்த்தம்.

அந்த மனச்சாட்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டாமா? அர்ச். இஞ்ஞாசியார் 1521-ல் பாம்ப்லோனா சண்டையில் குண்டடிபட்டுக் கால் முறிந்து படுத்திருந்தார். பொழுது போவதற்கு வீரர் கதைகள் கேட்டார். அவை அந்த வீட்டில் இல்லை. கிறிஸ்துநாதருடைய சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே கிடைத்தன. வீரர் கதைகளை நினைத்தபோது இன்பமாயிருந்தது, பின்னால் மனம் வறண்டது. அர்ச்சியசிஷ்டவர்களை நினைத்தபோதோ பின்னாலும் ஆறுதல் நிலைத்தது. புத்தகத்தை மூடியபின் உள்ளத்தில் மிஞ்சுவது என்ன என்று பார்க்க அவர் அப்படிக் கற்றுக்கொண்டார்.

"கருக்கைப் படித்தால் ஆறுதலா மிஞ்சும்?" என்று பெரியவர் கேட்கலாம். நியாயந்தான். ஆனால் மனவறட்சி வேறு, புண்ணைக் கழுவும்போது உண்டாகும் எரிச்சல் வேறு. பாமா கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கும் சாதி இருக்கக் கண்டார். வெளியேறித் தம் வாழ்க்கையை எழுதி 1992-ல் வெளியிட்டார். கருக்கு என்பது பனைமட்டையின் ஓரத்திலுள்ள ரம்பப் பல். பிடித்த கையை அறுக்கும். குருமடத்தில் இருந்த நாளில் நான் சில பக்கங்கள் படித்துவிட்டுக் கோபத்தோடு மூடிவைத்தேன். பல வருஷம் கழித்து முழுவதும் படித்தேன். அன்று எனக்கு வலித்தது அவர் பட்ட பாடல்ல, எங்கள் கௌரவமே என்பது அப்போதுதான் விளங்கிற்று. அந்த வெட்கம் எனக்கு நன்மையே செய்தது.

இன்னொரு புத்தகத்தையும் பாருங்கள். நம் கொங்கு நாட்டு ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் வெளியிட்ட 'நாகம்மாள்' என்ற நாவல். இளம் விதவை ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்கிறாள். விவகாரம் கொலையில் போய் முடிகிறது. கொலை வருகிறதே என்று தள்ளிவிடலாமா? காடு தோட்டத்தைப் பாகம் பிரிப்பதில் பேச்சு வார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? பாவத்தைக் காட்டும் புத்தகம் எல்லாம் கெட்டதல்ல. பாவத்தை இனிப்பாக்கும் புத்தகமும், பிறர் பாவத்தைக் காட்டி நம்மை நல்லவர்களென்று தட்டிக்கொடுக்கும் புத்தகமுமே கெட்டவை.

ஆகவே 'கருக்கு' ஜாபிதாவில் இருக்கட்டும். பெரியவரும் படித்துவிட்டு வந்து தம் மறுப்பைத் தாராளமாய்ச் சொல்லட்டும். ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் புத்தகம் சொல்லும் அவமானத்தைத் தாங்களே அனுபவித்தவர்கள் உங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய புண் நமக்கு ஒரு மாலைநேரப் பேச்சாகிவிடக்கூடாது. "இதைப் படிக்கலாமா?" என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். பேசும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். வீட்டுக்குப் போனபின் இரவு ஆத்துமசோதனை செய்யும்போது, "நான் யாரை அப்படி நடத்தினேன்?" என்ற கேள்வி வந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த புத்தகம் நல்ல புத்தகந்தான்.

உங்கள் பங்குக் குரு