உண்மை, வாய்மை, மெய்ம்மை: கிறித்தவ வழிபாட்டில் உளமார்தல்

முன்னுரை

வழிபாடு உளமார்ந்ததாக அமைதல் வேண்டும் என்பதில் கிறித்தவ மரபினரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயின் உளமார்தல் என்பது யாது, அதனை எவ்வாறு அறிவது என்னும் வினாக்களுக்கு எளிதில் விடை காண இயலாது. உணர்ச்சிப் பெருக்கே அதன் அடையாளம் எனின், கண்ணீர் மல்கப் பாடும் ஒருவர் தம் அருகில் பிறிதொருவர் அமர்வதை மறுக்கும்பொழுது அவ்வழிபாட்டை என்னென்பது? 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சைத் திருச்சபையின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

புலவரும் திருச்சபையும்

தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) சுவார்ட்சு ஐயரிடம் பயின்றவர். இரண்டாம் சரபோசி மன்னரின் நட்பைப் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். அவர்தம் கீர்த்தனைகள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்பெறுகின்றன. அவரது பக்தியை ஐயுறுவதற்கு இடமில்லை.

அக்காலச் சபையில் வேளாளரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியே அமர்ந்தனர். பின்வந்த மறைப்பணியாளர்கள் இதனை மாற்ற முனைந்தபொழுது சாத்திரியார் எதிர்த்து எழுதினார். சாதி உலகியல் வழக்கமேயன்றிச் சமயத்தைச் சார்ந்ததன்று என்பது அத்தரப்பினரின் வாதம். 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாதெனச் சுற்றுமடல் விடுத்தார். அதனை ஏலாது வேளாளர் பலர் சபையினின்று விலகினர்.

சாத்திரியாரைப் போலிப் பக்தர் எனத் தள்ளுதல் நேரிதன்று. சாதியை விலக்க முனைந்த பணியாளர்களே வழிபாட்டில் தமிழிசையையும் விலக்க முற்பட்டனர். பிறர் இசையில் வழிபடுமாறு வற்புறுத்துவது உளமார்தலுக்கே தடையாகும் ஆதலின், தமிழிசைக்கான அவரது முறையீடு நியாயமுடையதே. எனினும் பாட்டுக்கான உரிமையும் இருக்கையின் பிரிவும் அம்முறையீட்டில் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. முன்னது தம் உள்ளத்தைக் காப்பது. பின்னது பிறர் உள்ளத்தைப் புண்படுத்துவது.

விவிலியம் காட்டும் அளவுகோல்

நீதி இல்லாத இடத்தில் பாடல்களின் ஓசையை இறைவன் வெறுப்பதாக ஆமோசு நூல் கூறுகிறது. காணிக்கை செலுத்த வந்தவர், தம்மீது சகோதரனுக்குக் குறை உண்டென நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகுமாறு மத்தேயு நற்செய்தி பணிக்கிறது. ஈண்டுக் கருதத்தக்கது, வழிபடுவோரின் மனக்குறை அன்று. அவர்மீது பிறருக்குள்ள குறையே. கொரிந்துச் சபையில் சிலர் பசித்திருக்கச் சிலர் உண்டு களித்தபொழுது, அஃது ஆண்டவரின் விருந்தே அன்று எனப் பவுல் கடிந்தார். ஆண்டும் பந்தியின் வேற்றுமையே வழிபாட்டைக் கெடுத்தது. உளமார்தலுக்குச் சான்று பகர்வோர் வழிபடுவோர் மட்டும் அல்லர். எதிர்ப்புறம் அமர்த்தப்பட்டோரும் ஆவர்.

மூன்று சொற்கள்

உள்ளத்தின் நேர்மையை உண்மை என்றும், சொல்லின் நேர்மையை வாய்மை என்றும், உடலின் நேர்மையை மெய்ம்மை என்றும் தமிழ் அறவோர் பகுத்துரைப்பர். இப்பகுப்பு வழிபாட்டிற்கும் பொருந்தும். தஞ்சையில் உள்ளத்தே உண்மை இருந்தது. பாட்டில் வாய்மை இருந்தது. உடல் அமர்ந்த இடத்தில் மெய்ம்மை இல்லை. சாதி உடலைச் சார்ந்த உலக வழக்கே எனினும், வழிபடுவது அவ்வுடலும்தான்.

ஆணையால் ஒருங்கே அமர்த்துவது மெய்ம்மையை மட்டும் தந்து உண்மையைத் தாராது என்று மறுத்துரைக்கலாம். அம்மறுப்பில் ஓரளவு பொருள் உண்டு. உள்ளம் கனியாத கூட்டம் நிறைவான வழிபாடு ஆகாது. ஆயினும் இழிவுக்கு உள்ளானவர், இழிவுபடுத்தியவரின் உள்ளம் கனியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அறமாகாது. உடல் முதலில் திருந்த, உள்ளம் அதனைப் பின்தொடர்தலும் உண்டு.

முடிவுரை

உளமார்ந்த வழிபாடு உணர்ச்சியின் மிகுதியால் அளக்கப்படுவதன்று. உள்ளம், சொல், உடல் ஆகிய மூன்றும் ஒருமுகப்படுவதே அது. சாத்திரியாரின் பாடல்களைப் போற்றுவதும் அவர் காத்த இருக்கைப் பிரிவை மறுப்பதும் ஒன்றற்கொன்று முரண்பட்டவை அல்ல. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள்கூடச் சாதியால் பிரிந்து கிடக்கும் இந்நாளில், அப்பாடல்களைப் பாடுவோர்முன் தஞ்சையின் வினா இன்னும் விடைபெறாது நிற்கிறது.