வடிவம் கொடுத்த வாக்கு

வாய் திறந்து சொல்லாத ஒன்றை வாக்கு என்று கொள்ளலாமா என்ற கேள்வி பழையது. அதைத் திரும்ப எழுப்ப எனக்குக் கிடைத்திருக்கும் சாக்கு, கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ப்ராஸஸர் உட்காரும் அந்தச் சிறிய சதுரம். சாக்கெட் என்கிறார்கள். இன்றைய சாக்கெட்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துளைகளோ தொடுமுனைகளோ இருக்கும். ப்ராஸஸரைப் பலகையோடு பற்றவைத்துவிடாமல் கழற்றி மாட்டும்படி வைத்திருப்பதற்குத் தொழிற்சாலையின் சௌகரியம் ஒரு காரணம். பிற்பாடு வேகமான வேறொன்றை அதே இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது, வாங்குகிறவன் எடுத்துக்கொள்கிற காரணம். ஆக அந்த வடிவம் எதிர்காலத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது. அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் விஷயம்.

தொண்ணூறுகளில் இன்டெல் தன் பென்டியத்துக்காகச் செய்த சாக்கெட் 7-இல் ஏஎம்டியின் கே6-உம் ஸைரிக்ஸின் 6எக்ஸ்86-உம் உட்கார்ந்தன. ஒரே பலகை, மூன்று கம்பெனிகள். 1997-இல் பென்டியம் II வந்தபோது இன்டெல் சதுரத்தையே விட்டுவிட்டு, நெட்டுக்குத்தாகச் செருகும் ஸ்லாட் 1-க்குப் போயிற்று. இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகத்தை ப்ராஸஸரின் பக்கத்திலேயே வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். புதிய அமைப்பு காப்புரிமைக்குள் இருந்ததால் மற்றவர்கள் அதற்குள் நுழைய முடியாமல் போனது விளைவு. காரணம் பொய்யில்லை. விளைவு கசந்தது என்றும் தயாரித்தவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு செயலுக்கு நல்ல காரணமும் லாபமும் ஒரே சமயத்தில் இருந்துவிட்டால் அதை எப்படி மதிப்பிடுவது? லாபத்தைக் கண்டதும் காரணத்தைப் பொய் என்று சொல்லிவிடுவது நம் இடதுசாரி நண்பர்களின் பழக்கம். காரணத்தைக் காட்டி லாபத்தை மறைப்பது விற்கிறவர்களின் பழக்கம். இரண்டுமே சோம்பேறித்தனம்தான்.

ஸ்லாட் 1-இல் ஒரு நேர்மை இருந்தது என்றும் சொல்ல வேண்டும். பழைய பலகையையும் புதிய சிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே சேராது என்று குழந்தைக்கும் தெரியும். சங்கடமான கேஸ் இருபது வருஷம் கழித்து வந்தது. 2015-இல் இன்டெல் எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தது. எண் தொடுமுனைகளின் எண்ணிக்கை. 2017 ஜனவரியில் வந்த அடுத்த தலைமுறைச் சிப்புகள், பயாஸைப் புதுப்பித்தால் அதே பலகையில் ஓடின. அந்த வருஷம் அக்டோபரில் வந்த காஃபி லேக் சிப்புக்கும் அதே 1151 தொடுமுனைகள், அதே சதுரம், அதே பெயர். பழைய பலகையில் வைத்தால் உட்காரும். ஓடாது. புதிய 300 வரிசைப் பலகை வாங்க வேண்டும் என்றார்கள். கோர்கள் ஆறாகிவிட்டன, மின்சாரம் கூடுதலாக வேண்டும், சும்மா ஒதுக்கி வைத்திருந்த சில தொடுமுனைகளை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டோம் என்பது விளக்கம். சிறிது காலத்திலேயே பொழுதுபோக்காக இதில் ஈடுபடுகிறவர்கள், சில தொடுமுனைகளை டேப் ஒட்டி மறைத்தும் பயாஸைத் திருத்தியும் பழைய பலகைகளிலேயே அந்தச் சிப்பை ஓட்டிக் காட்டினார்கள்.

ஆகவே எல்லாம் மோசடி என்று முடிவு கட்டினவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒருவன் தன் மேஜையில், தன் பொறுப்பில், ஒரு பலகையை ஓட்டிக் காட்டுவதும், எங்கெங்கோ என்னென்ன தரத்திலோ செய்யப்பட்ட பலகைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கம்பெனி உத்தரவாதம் தருவதும் ஒன்றல்ல. முடியும் என்பதிலிருந்து செய்தாக வேண்டும் என்பது தானாக வந்துவிடுவதில்லை. என் புகார் வேறு. சேராது என்று தீர்மானித்தபின் வடிவத்தை ஏன் வைத்துக்கொண்டார்கள்? உருவமா உள்ளடக்கமா என்று நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். உருவம் வாசகனிடம் ஒன்றைச் சொல்லி உள்ளடக்கம் வேறொன்றைச் செய்கிற கவிதையை நாம் போலி என்போம். ஒரு மூலையில் ஒரு வெட்டை இடம் மாற்றி வைத்திருந்தால் போதும், வாங்கினவன் தன் அனுமானத்தைத் தானே கைவிட்டிருப்பான்.

வாயால் சொன்ன வாக்கின் கதியையும் பார்க்க வேண்டும். 2017-இல் ரைஸன் ப்ராஸஸர்களோடு சந்தைக்கு வந்த ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருந்தது. 2020 மே மாதம், அடுத்து வரப்போகும் ஜென் 3 சிப்புகள் 500 வரிசைப் பலகைகளில்தான் ஓடும் என்று அறிவித்தது. பெரும் கூச்சல். கம்பெனி சொன்னது சாக்கெட்டை. ஜனங்கள் கேட்டது பலகையை. புதிய சிப்புக்கும் சாக்கெட் ஏஎம்4-தான், எனவே சொன்ன சொல் எழுத்தளவில் மீறப்படவில்லை. வங்கியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த வகை வாசகங்கள் புதிதில்லை. விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இருப்பதெல்லாம் உண்மைதான், கையெழுத்துப் போட்டவர் புரிந்துகொண்டதும் உண்மைதான், இரண்டும் சந்திப்பதில்லை. சொல்லுகிறவன் தன் சொல் எப்படிக் கேட்கப்படுகிறது என்று தெரிந்தே திருத்தாமல் இருந்தால், கேட்டவனின் அர்த்தத்துக்கும் அவன் பொறுப்பாளிதான் என்பது என் கட்சி.

இரண்டு வாரத்துக்குள் ஏஎம்டி இறங்கி வந்தது. 400 வரிசைப் பலகைகளிலும் வழி செய்வதாகச் சொன்னது. நிபந்தனைகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பல பலகைகளில் பயாஸை எழுதி வைக்கும் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட். அத்தனை தலைமுறைகளின் விவரமும் அதில் அடங்காது. ஆகவே புதிய ப்ராஸஸரை அடையாளம் கண்டுகொள்ளும் பயாஸ், பழைய ப்ராஸஸர்கள் பலவற்றை மறந்துவிடும். ஒரு தடவை மாற்றினால் பழைய பயாஸுக்குத் திரும்ப முடியாது. வரப்போகிறவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, ஏற்கெனவே உள்ளே இருந்தவனின் பெயரை ஏட்டிலிருந்து அடிக்க வேண்டியிருக்கிறது. வாக்கைக் காப்பது சுத்தமான காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது உறைத்தது.

இதை வைத்து ஒரு கம்பெனிக்கு நற்சான்றும் மற்றொன்றுக்குச் சாபமும் கொடுக்கலாகாது. இதே ஏஎம்டி 2019 நவம்பரில் த்ரெட்ரிப்பருக்கு, முந்தையதைப்போலவே 4094 தொடுமுனைகள் கொண்ட, ஆனால் முந்தையதோடு சேராத சாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கான டிஆர்எக்ஸ்40 பலகைகளை வாங்கினவர்களுக்கு அந்த ஒரு தலைமுறையோடு கதை முடிந்தது. ஏஎம்4-இலோ 2022 ஏப்ரலில்கூட 5800எக்ஸ்3டி என்ற சிப் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய பலகைகள் பலவற்றில் ஓடவும் செய்தது. அதே வருஷம் டிடிஆர்5 நினைவகத்துக்காக ஏஎம்5 வந்தபோது எவரும் பெரிதாகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நினைவகமே மாறும்போது பழைய பலகையால் ஆவது ஒன்றுமில்லை. சாக்கெட் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று கேட்பது, இனிமேல் வரப்போகிற இஞ்சினியர்களின் கையை இப்போதே கட்டுவது. கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை வருஷத்துக்கு என்று முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை விற்கிறவனைப் பற்றியே பேசியாயிற்று. வாங்குகிறவனும் யோக்கியனில்லை. என் மேஜைக்கடியில் இருப்பது 2018-இல் வாங்கிய ஏஎம்4 பலகை. கொஞ்சம் கூடப் பணம் கொடுத்து அதை எடுத்தேன், பிற்பாடு சிப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று. இன்றுவரை மாற்றவில்லை. மாற்றும்படியான வேலை எதையும் அந்தப் பெட்டியிடம் நான் கொடுத்ததுமில்லை. கட்டுரை அடிப்பதற்கு எத்தனை கோர் வேண்டும்? நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு சாத்தியத்தை. உபயோகிக்காத சாத்தியத்தை ஒருவன் பறித்துக்கொண்டால் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுப் பார்த்தேன். நஷ்டமில்லை என்று கணக்கு சொல்கிறது. ஆனால் 2020 மே மாதத்தில் அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் நிஜமானது.

போன மாதம் தூசி தட்டுவதற்காக விசிறியை அவசரமாகத் திருகி இழுத்ததில், பசையில் ஒட்டிக்கொண்டு சிப்பும் கூடவே வந்துவிட்டது. கடைக்காரர் மாட்டிக் கொடுத்த பெட்டியாதலால், அந்தத் துளைகளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சிப்பை வெளிச்சத்தில் பிடித்து, அடியில் ஊசி எதுவும் வளையவில்லை என்று தெரிந்துகொண்டு, அதையே திரும்ப வைத்து மூடினேன்.