கோல் யார் கையில்?

பதவி தகுதியால் வருவதா, பிறப்பால் வருவதா? மன்னர்களை நோக்கி உலகம் பன்முறை கேட்ட கேள்வி இது. துறவியரை நோக்கியும் கேட்க நேர்ந்தது என்கிறது அயர்லாந்து வரலாறு.

இடைக்கால அயர்லாந்தின் மடங்களிலே பதவிகள் பல. மடத்தை நிறுவிய புனிதரின் இடத்தில் வீற்றிருந்தவர் 'கோமர்பா'. அச்சொல்லுக்கே வாரிசு என்றுதான் பொருள்! மடத்து நிலங்களை மேற்பார்த்தவர் 'எரெனாக்'. பள்ளியை நடத்தியவர் 'ஃபெர் லேகின்'. துறந்தவருக்கு வாரிசு ஏது என்று நாம் வியக்கிறோம். ஆனால், மடத்துக்கு நிலம் இருந்தது. நிலம் இருந்த இடத்திலே குடும்பமும் குடியேறிவிட்டது.

புனித பேட்ரிக்கின் பெயரால் புகழ்பெற்ற ஆர்மாவின் தலைமையை, 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஒரே குடும்பம் தன் உடைமையாக்கிக் கொண்டது. மணம் புரிந்தவர்கள், குருப்பட்டம் பெறாதவர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே அமர்ந்தனர் என்று கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு கண்டிக்கிறார். எனினும் அவர்கள் கல்லாதவர்கள் அல்லர் என்று அவரே எழுதுகிறார். பின் குற்றம் எங்கே? கற்றவன் அமர்ந்தான் என்பதல்ல வழக்கு. மற்றவன் அமரவே முடியாது என்பதுதான் வழக்கு!

1105-ஆம் ஆண்டு அக்குடும்பத்துக் கெல்லாக் தலைமை ஏற்றார். அவரும் பிறப்பால் வந்தவரே. ஆயினும் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். 1129-இல் சாகுந்தறுவாயில், தம் குடும்பத்தாரை விடுத்து, மலாக்கி என்னும் வெளியாரைத் தம் இடத்துக்குக் குறித்தார். கொதித்தது குடும்பம்! முர்கெர்டாக்கை அமர்த்தியது, 1134-இல் அவர் மறைந்ததும் நியாலை அமர்த்தியது. நியால் ஊரைவிட்டு ஓட நேர்ந்தபோது எதை எடுத்துச் சென்றார்? பேட்ரிக்குக்கு உரியதென்று போற்றப்பட்ட நற்செய்தி நூலையும், பொன்னும் மணியும் பதித்த கோலையும்! அவை எவர் கையில் உண்டோ, அவரே ஆயர் என்று நம்பினர் பேதை மக்கள். அறிவைத் தேட வேண்டிய இடத்தில் அணிகலனைத் தேடினர்!

மலாக்கியோ, போராடிப் பெற்ற அப்பதவியை 1137-இல் தாமாகவே துறந்தார். அதுவும் தம் உறவினருக்கு அன்று; டெரி மடத்துத் தலைவர் கெலாசியசுக்கு வழிவிட்டார்.

கோலைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஒருவர். கோலைப் பெற்றும் இறக்கி வைத்தவர் மற்றொருவர். பிறப்பால் பெற்றதைப் பிறர்க்குத் திறந்துவிட்டவர் இன்னொருவர். பதவி ஒரு பொறுப்பு, பரம்பரைச் சொத்தன்று. பிறர் கையிலுள்ள கோலைப் பற்றிக் கேள்வி எழுப்புவது எளிது. நாளை நம் கைக்கு ஒரு கோல் வரும்போது, நாம் யாராக இருப்போம்? கெல்லாக்கா, நியாலா?