மறைவிடத்து நேர்மை

மனிதர் செய்யும் வேலைகள் இருவகைப்படும். செய்து முடித்த பின்னரும் பார்ப்போர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டேயிருப்பவை ஒரு வகை. முடிந்த கையோடு மூடப்பட்டு, இன்னொருவர் உடைத்துப் பார்த்தாலன்றி வெளிப்படாதவை மற்றொரு வகை. வீட்டுச் சுவரின் பூச்சு முதல் வகையைச் சேரும். மண்ணுக்குள் போன அஸ்திவாரம் இரண்டாம் வகையைச் சேரும். முதல் வகை வேலையில் நாணயமாக நடந்துகொள்ள ஊரார் கண்ணே போதுமான காவல். இரண்டாம் வகை வேலைக்குக் காவல் எது? அதிலும், பொருள் தன்னுடையது, உழைப்பும் தன்னுடையது, கேட்பார் எவருமில்லை என்ற நிலையில் ஒருவர் தம் பொருளிலேயே குறையை வைத்து மூடினால், அதைக் குற்றம் என்று சொல்லலாமா?

இவ்வினாவை ஆராய, நம் அன்றாட வாழ்வுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டின் ஏரிக்கரைகளிலும் கடற்கரைகளிலும் வாழ்வோர் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. பல்லாண்டுகள் ஓடித் தேய்ந்த அதிவேக மோட்டார்ப் படகொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, ஓய்வு நாட்களில் தம் கையாலேயே புதுப்பிப்பார்கள். அழுகிய பகுதியை அறுத்தெடுத்துப் படகின் உடலைச் சீராக்குவது பாதி வேலை. எஞ்சின், ஸ்டியரிங், எரிபொருள் குழாய், மின்கம்பி, அளவுமானி ஆகியவற்றைப் புதிதாகப் பூட்டி ஓடவிடுவது மறுபாதி. இவ்வாறு புதுப்பிக்கப்படுவனவற்றுள் இரட்டை உடல் கொண்ட பந்தய வகைப் படகுகளும் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றைக் கட்டமரான் என்பர்.

பெயர் தந்ததும் பெயர் பெற்றதும்

கட்டமரான் என்பது கட்டுமரம் என்னும் நம் சொல்லின் திரிபு. சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைகளைப் பற்றி எழுதிய வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி, 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் இச்சொல்லைப் பதிவு செய்தார். பின்னாளில் இப்பெயர் பொருள் மாறி, இரண்டு உடல்களை நடுவே ஒரு தளத்தால் இணைத்த படகைக் குறிக்கலாயிற்று. நத்தானியல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கர் 1876இல் அமைத்த ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்ப்படகு நியூயார்க் போட்டியில் ஏனையவற்றை முந்திச் சென்று புகழ் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோட்டார்ப் பந்தயப் படகுகளும் இவ்வடிவத்தை ஏற்றுக்கொண்டன.

பெயர் ஒன்றாயினும் இரண்டின் இயல்பும் வெவ்வேறு. கட்டுமரம் கடலிலிருந்து கரைசேர்ந்ததும் அதன் கயிற்றை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவது மீனவர் வழக்கம். மீண்டும் கட்டும்போது ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு முடிச்சும் கடலுக்குச் செல்பவரின் கையிலும் கண்ணிலும் படும். நீர் ஊறிக் கனத்த மரமும் நைந்துபோன கயிறும் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை.

அதன் பெயரைப் பெற்ற பந்தயப் படகோ முற்றும் மூடுண்டது. வெளியே கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்த ஓர் ஓடு. உள்ளே அதுபோல் மற்றோர் ஓடு. இரண்டுக்கும் நடுவே, கனம் குறைவாகவும் விறைப்பு மிகுதியாகவும் இருக்கும்பொருட்டு, பால்சா மரத்துண்டுகளோ நுரைப்பலகையோ வைக்கப்படும். எஞ்சின்களைத் தாங்கும் பின்சுவருக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். இவை அனைத்தின்மீதும் முகம் தெரியப் பளபளக்கும் மேற்பூச்சு.

யாரோ ஒருவர், என்றோ ஒருநாள், ஒரு விளக்கையோ ஏணியையோ பொருத்தத் துளையிட்டு, அத்துளையை நன்கு அடைக்காமல் திருகாணியை முடுக்கிவிடுகிறார். அவ்வழியே நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல நடுவிலுள்ள மரம் கறுத்துக் கூழாகிறது. மேற்பூச்சின் பளபளப்போ இம்மியும் குறைவதில்லை. அனுபவமுள்ளவர் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயம் தீர உட்புறத்திலிருந்து துளையிட்டால் உலர்ந்த மரத்தூளுக்குப் பதில் ஈரமான கருந்தூள் வரும்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. இரண்டு உடல்களுக்கும் நடுவிலுள்ள சுரங்கம் போன்ற வழியில் புகும் காற்று நெருக்குண்டு படகைத் தூக்குகிறது. நீரில் தோயும் பரப்புக் குறைவதால் வேகம் பெருகுகிறது. ஆனால் முனை அளவுக்கு மேல் நிமிர்ந்துவிட்டால், தூக்கிய அக்காற்றே படகைப் புரட்டிவிடும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 1990 அக்டோபர் 3ஆம் நாள் மொனாக்கோ கடலில், நடப்பு உலக வெற்றியாளராகவே பந்தயத்தில் இறங்கிய ஸ்டெஃபானோ கசிராகி, தம் இரட்டை உடல் படகு கவிழ்ந்து உயிரிழந்தார். குறையில்லாத படகிலேயே இத்தனை ஆபத்து உண்டென்றால், இரு எஞ்சின்களின் உந்துவிசை முழுவதையும் தாங்கும் பின்சுவர் உள்ளுக்குள் கூழாகிக் கிடக்கும் படகைப் பற்றி என்ன சொல்வது!

கண்டபின் வரும் பொறுப்பு

இனி நம் கேள்விக்கு வருவோம். கொட்டகையில் ஒரு மனிதர் தம் படகின் பின்சுவரை உட்புறமாக அறுத்துத் திறக்கிறார். திறக்குமுன் அவர் அறியாதவர். ஏமாற்றப்பட்டவர் என்று கூடச் சொல்லலாம். அழுகலைக் கண்ட அந்தக் கணத்தில் அவர் நிலை மாறிவிடுகிறது. படகைக் கட்டியவருக்கு, “நான் எதிர்பார்க்கவில்லை” என்று சொல்ல இடமுண்டு. முன்பு விற்றவருக்கு, “எனக்குத் தெரியாது” என்று சொல்ல இடமுண்டு. திறந்து பார்த்தவருக்கு இவ்விரண்டு வாசலும் அடைபட்டுவிட்டன. புதிதாய்ப் படைப்பவரைவிடப் பழுது பார்ப்பவருக்குப் பொறுப்பு மிகுதி என்று நான் கருதுவது இதனால்தான். குறை இன்னது, இருக்குமிடம் இன்னது என்பதை அறிந்த ஒரே மனிதர் அவர்.

இப்போது அவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. செம்மையான வழி நெடியது. ஈரமரம் முழுவதையும் சுரண்டியெடுக்க வேண்டும். காற்றோட்டத்தில் நன்கு உலரவிட வேண்டும். பழைய ஓட்டின் விளிம்பை, கனத்தின் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அதாவது கனம் 6 மில்லிமீட்டர் என்றால் சரிவு 72 மில்லிமீட்டர் வர வேண்டும். இறுகிப்போன பழைய பரப்பில் புதியது நன்கு பற்றிக்கொள்ளும் என்பதால் எப்பாக்சி ரெசினையே பலரும் தேர்வர். அளவு தவறாமல் கலந்து, படலம் படலமாக இழைத்துணியைப் பதிக்க வேண்டும். குறுக்கு வழியோ எளியது. ஒன்றிரண்டு துளைகளில் ரெசினை ஊற்றி, மேலே ஒரு படலம் ஒட்டி, மக்கு பூசித் தேய்த்து, வண்ணம் அடித்துவிட்டால் முடிந்தது.

வேலை முடிந்த நாளில் இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சொல்லப்போனால், குறுக்கு வழியில் பணம் மிஞ்சுவதால் அந்தப் படகின் வண்ணம் கூடுதல் அழகாகவும் அமையலாம்!

எஞ்சின் பூட்டும் வேலையிலும் இதே நிலைதான். போல்ட்டுக்குப் பின்னால் தாங்குதகடு வைத்தாரா, உப்புக்காற்றைத் தாங்கும்படி ஈயமுலாம் பூசிய செம்புக் கம்பியை இழுத்தாரா, பெட்ரோல் குழாயின் பிடிப்பை இறுக்கினாரா என்பதை மூடிய தளத்தின் மேல் நிற்பவர் அறிய வழியில்லை. பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் தங்கி, ஒரு தீப்பொறிக்குக் காத்துக் கிடக்கும்.

“என் படகு, என் உயிர்”

“என் படகு, என் உயிர், கேட்க நீ யார்?” என்று ஒருவர் வினவக்கூடும். இது அற்பமான வாதமன்று; விடை சொல்ல வேண்டிய வாதம்.

முதலாவதாக, ஓடும் படகு ஒருவரோடு நிற்பதில்லை. அருகில் அமரும் மகன் இருக்கிறான். நீரில் நீந்துவோர் இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்பாற்ற விரைபவர் இருக்கிறார். ஓட்டுநர் தூக்கியெறியப்பட்டால் எஞ்சின் தானே அணையும்படி அவரோடு இணைக்கும் பட்டியை, 26 அடிக்குக் குறைந்த மோட்டார்ப் படகுகளில் பூட்டியே ஓட்ட வேண்டும் என்னும் விதி அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆளில்லாமல் சுழன்றோடும் படகு, விழுந்தவரோடு பிறரையும் வெட்டும் என்பதே அவ்விதியின் நியாயம்.

இரண்டாவதாக, பொருள் கைமாறும். 1972 நவம்பர் முதல் அமெரிக்கப் படகு ஒவ்வொன்றின் உடலிலும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி இருக்க வேண்டும் என்று சட்டமாயிற்று. கட்டியவர் யார், கட்டிய காலம் எது என்பதை அது சொல்லும். இடையில் திறந்தவர் யார், கண்டது என்ன என்பதை அது சொல்லாது. பலகைகள் யாவும் மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்க அறிஞர் வாதிட்டதுண்டு. அமர்ந்து ஓட்டப்போகும் மனிதருக்கு அந்த விவாதம் வேண்டியதில்லை. மாற்ற வேண்டிய பலகை உண்மையாகவே மாற்றப்பட்டதா என்பதுதான் அவருக்கு வேண்டும்.

மூன்றாவதாக, குறையை மூடியவரே நாளடைவில் அதை மறந்துவிடுகிறார். முதற்கோடையில் அஞ்சி ஓட்டுவார். ஒன்றும் நேரவில்லை. இரண்டாம் கோடையில் அச்சம் குறையும். மூன்றாம் கோடையில் தாம் பூசிய பளபளப்பைத் தாமே நம்பத் தொடங்குவார். பிறருக்கென விரித்த வலையில் முதலில் சிக்கியவர் அவரே.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். மழைக்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காகவே கடிந்துகொள்ளப்பட்டார். படகின் நடுமரத்தில் புகுந்த நீரும் அம்மழை போன்றது. ஃபிக்ஹு நூல்களில் ‘கியாருல் அய்ப்’ பற்றிய பகுதி இதையே நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. வாங்குமுன்பே இருந்து, வாங்கியவருக்குத் தெரியாத குறை பின்னர் வெளிப்பட்டால், விற்றவர் அறியாமல் விற்றிருந்தாலும் திருப்பித்தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பாவமோ, அறிந்து மறைத்தவரையே சாரும். நட்டம் பொருளைத் தொடர்கிறது. குற்றம் அறிவைத் தொடர்கிறது.

திறந்திருக்கும் மூன்று வழிகள்

அப்படியானால், கையில் பணமில்லாதவர் என்ன செய்வார்? ஒவ்வொரு குறையையும் வேரோடு களைய வேண்டுமென்றால் எந்தப் படகும் கொட்டகையைவிட்டு வெளியேறாதே! இந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. அறம் ஏழையிடம் இயலாததைக் கேட்பதில்லை. அவருக்கு மூன்று நேர்வழிகள் திறந்திருக்கின்றன. பொறுமையாகப் பணம் சேர்த்து முழுமையாகச் செப்பனிடலாம். அல்லது குறைக்குத் தக்கபடி பயனைச் சுருக்கலாம். பழுதுபட்ட பின்சுவரில் பெரிய எஞ்சின்களைப் பூட்டாமல் படகைத் தரையிலேயே நிறுத்திவைப்பதும் இதில் அடங்கும். அல்லது அறுத்த வாயை அறுத்தபடியே காட்டி, உள்ளதைச் சொல்லி, வந்த விலைக்கு விற்றுவிடலாம். மூன்றிலும் இழப்பு உண்டு. ஆனால் மூன்றிலும் முகம் கறுக்க வேண்டியதில்லை. அடைக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு வழி. கண்டதைக் காணாதது போல மூடுவதே அது.

செம்மையாகச் செய்பவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மூடுமுன் ஒவ்வொரு படிநிலையையும் படமெடுத்து, எந்த இடத்தில் எத்தனை படலம், என்ன பொருள், எந்த நாள் என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பார்கள். படகை விற்கும்போது குறிப்பேடும் உடன் செல்லும். கட்டுமரத்தில் கயிற்றை அவிழ்த்தால் கிடைக்கும் வெளிச்சத்தை, அவிழ்க்க முடியாத படகுக்கு ஏட்டின் வாயிலாக வழங்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

வாசக நேயர்களே, படகு கட்டுவோர் நம்மில் சிலரே. ஆனால் மூடப்படும் வேலை நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. சுவருக்குள் குழாய் பதிப்பவருக்கும், சட்டையின் உட்தையல் தைப்பவருக்கும், பூட்டிய அறையில் கணக்கு எழுதுபவருக்கும், மறுநாள் பாடத்தை முந்தின இரவு படித்துத் தயாரிக்கும் ஆசிரியருக்கும் அது உண்டு. ஊரார் கண் எட்டாத அவ்விடத்தில் காவல் எது என்று தொடக்கத்தில் கேட்டோம். குறையைக் கண்டவரின் அறிவே அங்கே காவல். மூடியைப் பொருத்துமுன் ஒருமுறை நின்று, “இதை அறிந்தவன் நான் ஒருவனே” என்று எண்ணிப் பாருங்கள். ஒளிந்துகொள்ள அது வசதி என்று தோன்றினால் கையை நிறுத்துங்கள். தோள்மேல் ஏறிய பொறுப்பு என்று தோன்றினால் வேலையைத் தொடருங்கள்.