பத்தடி தூரம்

இரவு பதினொன்றரை மணி. நல்ல வெயில்.

நார்வேயின் வடகிழக்கு மூலையில் வாராங்கர் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. ஜூன் மாதம் முழுக்க அங்கே சூரியன் மறைவதே இல்லை. ஆஸ்லோவில் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒருமுறை அங்கே போனேன். மரமே இல்லாத மேட்டு நிலம். பாசி, கல், தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் முழங்கால் உயரத்துக்கு வில்லோ புதர். தூந்திரா என்று எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சொல்லின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

காலடியிலிருந்து ஏதோ ஓடியது. எலி என்றுதான் முதலில் நினைத்தேன். பத்தடி ஓடிப் பறந்து ஒரு புதரில் விழுந்தது. குருவி. பழுப்பு உடம்பு, முதுகில் கருங்கோடுகள், கன்னத்தில் செம்பழுப்பு இருந்த மாதிரி தோன்றியது. மூன்று விநாடி பார்த்திருப்பேன்.

அது என்ன குருவி?

அந்த நிலத்தில் தரையில் கூடு கட்டும் பாடும் பறவைகள் சில உண்டு. நம் வயல்களில் ஓடும் நெட்டைக்காலியின் உறவினர்கள்கூட அங்கே இருக்கின்றன. ஆனால் நெட்டைக்காலிக்கு அலகு மெல்லியது. நான் பார்த்ததற்குத் தானியம் உடைக்கிற தடித்த அலகு. எனவே பண்டிங் வகை. அதில் மூன்று பேர்மேல் சந்தேகம். முதலாவது லாப்லாந்து பண்டிங். பின்விரல் நகம் நீளமானது, அலகு மஞ்சள், இறக்கையில் செம்பழுப்புப் பட்டை. இரண்டாவது நாணல் பண்டிங். அலகோரத்திலிருந்து மீசை போல ஒரு கருங்கோடு கீழிறங்கும், வாலை ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவது சின்ன பண்டிங். செம்பழுப்புக் கன்னம், கண்ணைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையம். ஆண்கள் என்றால் முதலிரண்டில் குழப்பமில்லை, தலையிலேயே கறுப்பு அடையாளம் இருக்கும். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களோ கண்ணில் படாமல் இருப்பதற்காகவே உருவானவை. மூன்றும் ஒரே புல்லின் நிறம்.

முதலிரண்டும் அங்கே சாதாரணம். மூன்றாவது நார்வேயில் அரிது. என் மனசு எந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூட வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அந்த ஊர்க்காரர். நான் ஓரடி முன்னால் வைக்கப் போனேன். "காலைத் தூக்காதே" என்றார். "முதல்ல கீழே பார். அப்புறம் வந்த தடத்திலேயே திரும்பி வா."

"பத்து நிமிஷம் இங்கேயே நின்னா அது திரும்பி வந்துடும். தெளிவா பாத்துடலாமே?"

"வரும். நீ நிக்கறதைப் பாத்துட்டு வராமலும் போகும். குளிர் நாலு டிகிரி."

கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லின் மேல் நீளவால் ஸ்குவா ஒன்று உட்கார்ந்திருந்தது. முட்டை, குஞ்சு எது கிடைத்தாலும் தின்கிற பறவை. அதுவும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் எங்கே நிற்கிறோம், எதைத் தேடுகிறோம் என்பது அதற்கும் பயனுள்ள தகவல்.

திரும்பி நடந்தேன், எரிச்சலோடு. இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தவனுக்குப் பத்தடி மறுக்கப்படுகிறது. பெயரைத் தெரிந்துகொள்வதில் என்ன பாவம்? நான் அதைப் பிடிக்கவில்லை, சுடவில்லை.

சுடவில்லை என்று நான் பெருமைப்படுவதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. லாப்லாந்து பண்டிங்குக்கு 1758இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தார். அதற்கு அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஒரு பறவையைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண்பது என்றால் பெரும்பாலும் அதைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான். கையில் இருந்தால் நகத்தை அளக்கலாம், அலகை அளக்கலாம். 1934இல் அமெரிக்காவில் ராஜர் டோரி பீட்டர்சன் ஒரு கையேடு வெளியிட்டார். ஒவ்வொரு பறவையின் படத்திலும், தூரத்திலிருந்து பார்க்கும்போதே அதை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் இடங்களைச் சின்னக் கோடுகளால் சுட்டியிருந்தார். இன்று நாம் பறவை பார்க்கும் முறைக்கு அந்தக் கையேடு ஓர் அடித்தளம். அதை ஒரு தொழில்நுட்ப முன்னேற்றமாக மட்டும் பார்த்திருந்த எனக்கு, அதற்குள் ஓர் அறமும் இருப்பது அன்றுதான் உறைத்தது. தெரிந்துகொள்வதற்கான விலையைப் பறவையின் கணக்கிலிருந்து எடுத்து மனிதனின் கணக்கில் போட்டதுதான் அந்த மாற்றம். இனி பறவை சாக வேண்டாம். மனிதன் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், பல நாள் பார்த்துப் பழக வேண்டும், சில சமயம் தெரியாமலே வீடு திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விலையைத்தான் கொடுக்க மனசு வருவதில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட. பெயர் முக்கியமில்லை என்று கவிதையாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. பண்டிங் வகையிலேயே மஞ்சள் மார்பு பண்டிங் என்று ஒன்று. அதுவும் தரையில் கூடு கட்டுவது. ஒருகாலத்தில் ஃபின்லாந்திலிருந்து ரஷ்யாவின் கிழக்குக் கோடிவரை கோடிக்கணக்கில் இருந்தது. வலசைப் பாதையில், குறிப்பாகச் சீனாவில், உணவுக்காக வலை போட்டுப் பிடித்தார்கள். 1980க்கும் 2013க்கும் இடையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. 2017இல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று அறிவித்தார்கள். இந்த வீழ்ச்சி உலகத்துக்குத் தெரிந்ததே, எங்கெங்கோ சதுப்பு நிலங்களில் நின்று ஒவ்வொரு வருடமும் சரியான பெயரை எழுதிவைத்தவர்களால்தான். லாப்லாந்து பண்டிங் ஏறக்குறைய 12 நாள் அடைகாக்கும் என்று எனக்குத் தெரிகிறதென்றால், யாரோ ஒருவர் ஏதோ ஒரு கூட்டுக்குப் பக்கத்தில் போயிருக்கிறார்.

ஆக, பெயர் வேண்டும். அதற்காக ஒரு கூட்டை நெருங்குவதும் சில நேரம் நியாயம். ஆனால் அப்படி நெருங்குகிறவர் என்ன கேள்வியோடு போகிறார், அந்த விடை யாருக்குப் போகிறது, அந்தச் சிரமம் அவசியமா என்று யோசித்துவிட்டுப் போகிறார். நான் போக நினைத்தது என் பட்டியலில் ஒரு வரிக்காக. விடை எனக்கு, குளிர்வது அதன் முட்டை.

இதை எழுதும்போது என் வேலையையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆள் அடையாளத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் எழுதுகிறேன். அட்டையிலுள்ள முகமும் கேமராவில் தெரியும் முகமும் ஒன்றுதானா என்று நிரல் மதிப்பெண் போடும். மதிப்பெண் குறைந்தால் 'மீண்டும் முயலவும்' என்று வரும். அந்த வரம்பை வைத்தவர்களில் நானும் ஒருவன். வரம்பை உயர்த்தினால் எங்கள் பிழை குறையும், அறிக்கை அழகாக இருக்கும். அந்தத் துல்லியத்துக்கான விலையைக் கொடுப்பது கண்புரை உள்ளவர், வெளிச்சமில்லாத வீட்டில் இருப்பவர், பழைய போன் வைத்திருப்பவர். அவர்களை ஆறு முறை, ஏழு முறை முகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறோம். எங்களைப் பொறுத்தவரை அது ஒரு தரவுப்புள்ளி. அந்த ஏழாவது முறையில் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு கூட்டத்தில், இரண்டு முறைக்கு மேல் கேட்கக்கூடாது, அதற்குப் பிறகு ஒரு மனிதர் பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

குருவிக்கு வருகிறேன். மறுநாள் காலை அதே சாலையில், கறுப்பு முகமும் செம்பழுப்புப் பிடரியுமாக ஓர் ஆண் லாப்லாந்து பண்டிங், மேலே எழும்பி, இறக்கையை விரித்துப் பாடிக்கொண்டே மெல்ல இறங்கியது. சாலையில் நின்றபடியே பார்த்தோம். சந்தேகமே இல்லை. நேற்றுப் பார்த்த இடத்திலிருந்து இருநூறு மீட்டர்கூட இருக்காது.

"அப்ப நேத்து பாத்தது இவன் ஜோடிதானே?" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். "நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. நோட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன. இரண்டாம் நாள்: லாப்லாந்து பண்டிங், ஆண், ஒன்று. முதல் நாள்: பண்டிங், பெண், இனம் தெரியவில்லை. அந்த முதல் வரியைத் திருத்தப் பலமுறை கை போயிருக்கிறது. ஊகம் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் திருத்தவில்லை. அன்று நான் பார்த்தது அவ்வளவுதான்.