மிச்சம் யாருடையது?

சிக்கனம் ஓர் அறமா என்னும் வினாவுக்கு நம்மில் பலர் தயங்காமல் ஆம் என்றே விடையிறுப்பர். ஊதாரித்தனம் குடியைக் கெடுக்கும். ஆகவே அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது நற்பண்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் கணக்கு. புனித தோமா அக்குவினா இக்கணக்கை ஏற்கவில்லை. ஊதாரித்தனம், பேராசை இரண்டையும் அருகருகே நிறுத்தி எடைபோட்ட அவர், பேராசையே கொடியது என்று தீர்ப்பளித்தார். ஊதாரியால் பிறர் பலர் பயன் பெறுகின்றனர். பொருளை இறுகப் பற்றியவனாலோ ஒருவருக்கும் பயனில்லை, அவனுக்கேகூட இல்லை என்பது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று. முதுமையும் வறுமையும் ஊதாரியை எளிதில் திருத்திவிடும் என்றும் எழுதுகிறார். அந்த மாமேதையின் நகைச்சுவை இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அப்படியானால் மிச்சம் பிடித்தோம் என்பது மட்டும் போதாது. யாரிடமிருந்து பிடித்தோம் என்றும் கேட்டாக வேண்டும். பேரங்காடியின் கண்ணாடிக் கதவுக்குள் அச்சிட்ட விலையை வாய்திறவாமல் கொடுத்துவிட்டு, வாசலில் கீரை விற்கும் மூதாட்டியிடம் இரண்டு ரூபாய்க்கு வழக்காடுகிறோம். வீட்டுக் கணக்கில் அது சேமிப்பு என்று ஏறும். உண்மையில் அது நமது மிச்சமன்று. அவரது கூலியில் நாம் செய்த பிடித்தம்.

வேறொரு மிச்சமும் உண்டு. அது வெறும் மயக்கம். 2013இல் இந்திய ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது எனச் சுட்டி, அப்பெயரில் வங்கிகள் நடத்திய தவணைத் திட்டங்களைத் தடுத்தது. வட்டி எங்கும் போய்விடுவதில்லை. கட்டணம் என்னும் பெயரிலோ, ரொக்கம் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை இழப்பதிலோ ஒளிந்திருக்கும். 'கூடுதல் செலவில்லாத் தவணை' என்று பெயர் மாற்றிக்கொண்டு அதன் உறவுமுறை இன்றும் கடைவீதியில் உலவுகிறது.

வள்ளுவர் வரவையும் செலவையும் அளந்து வாழ்வதை இல்லறவியலில் மட்டும் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பொருட்பாலில், பகைமேல் செல்லுமுன் வேந்தன் தன் வலிமையை எடைபோடும் 'வலியறிதல்' அதிகாரத்தின் இறுதியிலும் அதை வைத்தார். கையிருப்பை ஆராயாத கொடைகூட அழிவில் முடியும் என்கிறார்.

ஆயினும் அளப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமே! அன்றாடக் கூலியில் வாழ்பவர் மாதத்துக்கு வேண்டிய மளிகையை மொத்தமாக வாங்க முடியாது. சில்லறையாக வாங்கிக் கூடுதல் விலை கொடுக்கிறார். அவரிடம் போய்ச் சிக்கனத்தைப் போதிப்பது எளிது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இவ்வரிசை தெளிவாக உள்ளது: தொழிலாளி தன் மனைவி மக்களோடு வாழப் போதுமான ஊதியம் முதலில்; சேமிப்பு அதற்குப் பின். வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தை உயர்த்தாமல், அவர் சீட்டுக் கட்டுவதில்லையே என்று வருந்துவோர் அவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர்.

நம் இல்லங்களில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலையில் இடுமுன், அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் போடுவர். அது ஏழைக்கோ ஆலயத்துக்கோ சேரும். உண்டபின் மிஞ்சியதைக் கொடுப்பதன்று அது. குடும்பம் முழுவதும் ஒரு கவளம் குறைத்து உண்ட சிக்கனம். அதைச் செய்த தாய்மார் பலர் செல்வரல்லர். இன்று சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறும் நாளிலேயே தவணைக்காரர் தமது பிடியை எடுத்துக்கொள்கிறார். எஞ்சியதை வைத்துத்தான் உலை கொதிக்கிறது.