செய்முறையும் ஒரு சாட்சியமே

கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள், ஆய்வேட்டில் செய்முறை எழுதுவதை ஒரு சடங்காகவே கருதுகின்றனர். ‘சிறிது கடல்நீர் எடுத்தோம்’, ‘சில மணி நேரம் வைத்தோம்’, ‘வழக்கமான முறையில் செய்தோம்’ என்று நாலு வரியில் முடித்துவிடுகின்றனர். இஃது எழுத்துத் திறமையின் குறையா, அன்றி ஒழுக்கத்தின் குறையா? ஒழுக்கத்தின் குறையே என்பது நம் துணிபு. முத்து விளையும் தூத்துக்குடிக் கடலே இதற்குச் சான்று பகரும்.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் பரதவ மக்களும் முஸ்லிம் பெருமக்களும் தலைமுறை தலைமுறையாக மூழ்கி முத்தெடுத்தனர். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் முத்து வாணிபத்தில் கீர்த்தி பெற்றனர். அத்தொழிலின் நுட்பங்கள் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்தன. 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. தொழில் நின்றதும், ஏட்டில் ஏறாத அறிவு முதியோருடனேயே மறையலாயிற்று.

சிப்பிக்குள் மனிதன் முத்தை விளைவிக்கும் கலையில் ஜப்பானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேர்ச்சி பெற்றனர். ஆயின் அதன் நுணுக்கங்களைப் பிறநாட்டாருக்குக் கற்பிக்காமல் நெடுங்காலம் காத்துக்கொண்டனர். ஆகவே, தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமியும் அவர்தம் துணைவர்களும் தாமே சோதித்துச் சோதித்து வழி காண வேண்டியதாயிற்று. 1973 ஜூலையில் உருண்டை முத்தை விளைவித்து அவர்கள் வெற்றி கண்டனர். பின்னர் அந்நிலையம் தன் முறையை அச்சிட்டு வெளியிட்டது. பிறருக்குப் பயிற்சியும் அளித்தது.

அம்முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. சிப்பியின் ஓட்டை ஒட்டியுள்ள மென்தசையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துண்டை வெட்டியெடுத்து, ஓட்டில் கடைந்த மணி ஒன்றுடன் சேர்த்து மற்றொரு சிப்பியின் உடலுள் வைப்பர். துண்டில் ஓட்டை நோக்கியிருந்த பக்கமே மணியைத் தொட வேண்டும். முத்துப்பொருளைச் சுரக்கும் செல்கள் அப்பக்கத்தில்தான் உள்ளன. அவையே பெருகி மணியைச் சுற்றிப் பையாக வளர்கின்றன. ‘தசைத் துண்டை மணியுடன் வைத்தோம்’ என்று மட்டும் ஒருவர் எழுதினால், அவ்வாக்கியத்தில் பொய் ஏதுமில்லை. ஆயினும் அதை நம்பித் துண்டைப் புரட்டி வைத்தவர், மாதக்கணக்கில் காத்திருந்து வெறுங்கையுடன் திரும்புவார். பொய் சொல்லாமலே ஒருவரை வழிதவறச் செய்ய இயலும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

‘பாடுபட்டுக் கண்டதைப் பிறருக்கு ஏன் சொல்ல வேண்டும்?’ என்று சிலர் வினவலாம். வியாபாரி தன் தொழில் இரகசியத்தைச் சொல்லாதிருக்கலாம். அவர் எவரையும் நம்பச் சொல்லவில்லை. ஆய்வு செய்பவரோ, ‘நான் சோதித்தேன், இதைக் கண்டேன், நம்புங்கள்’ என்று சபை முன் நின்று கூறுகிறார். அவர் சொல்வது சாட்சியம். மௌனம் காப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. பாதி சாட்சியம் சொல்வதற்கு இல்லை.

கொடுக்கல் வாங்கலில் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிவைக்கச் சலிப்புறலாகாது என்பது திருமறையின் அல்பகறா அத்தியாயம் நமக்கு இட்ட பணிப்பு. ஹதீஸ் கலை வல்லார், ‘யாரிடம் கேட்டீர்?’ என்று ஒவ்வொரு கண்ணியாக விசாரித்த பின்னரே ஒரு செய்தியை ஏற்றனர். பதினோராம் நூற்றாண்டில் ஒளியை ஆராய்ந்த இப்னுல் ஹைதம், தம் கருவிகளின் அளவுகளையும் அமைப்பையும் படிப்பவர் தாமே செய்து பார்க்கும் வண்ணம் விரித்தெழுதினார். இம்மரபில் வந்த நம் பிள்ளைகளுக்குச் செய்முறை எழுதுவது புதிய சுமையன்று. தாம் என்றும் காணப்போகாத ஒருவருக்குச் செலுத்தும் அமானிதம்.

அவ்வாறாயின், சாடியின் நிறத்தையும் எழுத வேண்டுமோ? எது மாறினால் முடிவு மாறக்கூடுமோ அதை எழுத வேண்டும். ஐயமிருப்பினும் எழுத வேண்டும். ‘கடல்நீர்’ என்பது போதாது. வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடலின் உப்புத்தன்மை குறையும், கோடையில் கூடும். ஆகவே எவ்விடத்தில், எந்நாளில் எடுத்த நீர் என்பதும், அதன் உப்பின் அளவும் வேண்டும். எத்தனை சிப்பிகளில் மணி வைத்தோம் என்பதோடு எத்தனை இறந்தன என்பதும் வேண்டும். வெற்றியை மட்டும் சொல்லும் ஏடு, வரவை எழுதிச் செலவை மறைத்த கணக்கை ஒக்கும். நேர்ந்த பிழையை அழித்தெழுதாமல், இன்ன இடத்தில் இவ்வாறு மாறிற்று என்று குறித்துவிடுவதில் இழிவொன்றும் இல்லை. அதுவே அடுத்து வருபவருக்குப் பெருந்துணை.

பெற்றோரும் ஆசிரியரும் மதிப்பெண்ணைக் கேட்குமுன் ஒன்று செய்யலாம். பிள்ளையின் ஏட்டை வேறொரு மாணவரிடம் கொடுத்து, எழுதியவரை ஒரு கேள்வியும் கேளாமல் அச்சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லலாம். அவர் தயங்கி நிற்கும் இடமெல்லாம் எழுதியவர் இன்னும் செலுத்தாத கடன் என்று கொள்ளலாம்.